சொந்தச் சரக்கு எழுதாதே

1

போன வாரம் மெல்போர்ன் ட்ராமில் எனக்கு எதிர் இருக்கையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் தடிமனான புத்தகம். கண் மூடியிருந்தது, உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஒரு வரி முடிந்ததும் கண்ணைத் திறந்து புத்தகத்தில் சரிபார்ப்பாள், மறுபடி மூடிக்கொள்வாள். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர் ஒருவர் அவள் ஜெபம் செய்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும், மரியாதையாகப் பார்வையைத் திருப்பிக்கொண்டார். அந்த உதட்டசைவை எந்த ஊரில் பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும். அது நம்ம பிள்ளை. கடலூரோ, பண்ருட்டியோ, நெய்வேலியோ, எங்கிருந்தோ புதிதாக வந்திருக்கிறாள்.

எழுந்துபோய் ஒரு வார்த்தை சொல்லலாமா என்று யோசித்தேன். நான் யோசித்து முடிப்பதற்குள் அவளுடைய நிறுத்தம் வந்து இறங்கிப் போய்விட்டாள். ட்ராமில் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊரில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் யாராவது படித்தால் சந்தோஷம்.

முதலில் என்னைப் பற்றி. நான் பயந்த சுபாவம். பெருமைக்காகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். புவனகிரி பக்கத்தில் விவசாயக் குடும்பம். அண்ணாமலை நகரில் வேதியியல் படித்தேன். கடலூரில் ஒரு தனியார் பள்ளியில் ப்ளஸ் டூவுக்குப் பாடம் எடுத்தேன். கணவர் பாஸ்கர் அங்கேயே ஒரு தொழிற்சாலையில் ஆபரேட்டர். முப்பத்தாறு வயதில், எல்லாரும் பிள்ளைகளை காலேஜுக்கு அனுப்ப யோசிக்கத் தொடங்கும் காலத்தில், நானே காலேஜுக்குக் கிளம்பினேன். மெல்போர்னில் ஆசிரியப் படிப்பு முடித்தால் இங்கேயே பள்ளியில் வேலை கிடைக்கும் என்று கணக்கு.

இதில் ஒரு சிக்கல். விசா என் பேரில். கணவருக்கும் மகள் யாழினிக்கும் என் விசாவைப் பிடித்துக்கொண்டு விசா. என் படிப்பு போனால் என் விசா போகும், என் விசா போனால் அவர்களுடையதும் போகும். எஞ்சின் தடம் புரண்டால் பெட்டிகள் மட்டும் நின்றுகொண்டா இருக்கும்? பாசஞ்சர் வண்டியில்கூட ஏறப் பயப்படுகிற ஒருத்தியை எஞ்சினாக மாட்டிவிட்டார்கள். 

2

நான் சேர்ந்த கல்லூரிக்கு கேட் கிடையாது. காம்பவுண்டு சுவர் கிடையாது. வாட்ச்மேன் கிடையாது. ட்ராம் ஓடுகிற தெருவில் ஒரு பக்கம் வங்கி, ஒரு பக்கம் செருப்புக்கடை, நடுவில் கண்ணாடிக் கதவு. அதுதான் கல்லூரி. அண்ணாமலை நகரில் ஒரு டிபார்ட்மென்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகவே சைக்கிள் வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் படித்துவிட்டு, காலேஜே எங்கே இருக்கிறது என்று தெரியாமல் செருப்புக்கடைக்குள் போய் நின்றேன்.

முதல் நாள் பாஸ்கர் கண்ணாடிக் கதவு வரைக்கும் கூடவே வந்து விட்டுவிட்டுப் போனார். இரண்டாம் நாள் நிறுத்தத்தில் இறங்கி அங்கேயே நின்றுகொண்டு, நான் உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கடுத்த நாள் ட்ராமிலிருந்து இறங்கவே இல்லை, ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினார். அப்புறம் வீட்டு வாசலோடு சரி. எனக்கு ஒவ்வொரு நாளும் அழுகையாக வந்தது. வழியெல்லாம் யாழினி படிக்கும் பள்ளியின் சிறுபிள்ளைகள் காலால் உந்துகிற சின்ன ஸ்கூட்டரில் தனியாகப் போகும்.

வகுப்பு இன்னும் மோசம். ஹெலன் மேடம் உள்ளே வந்ததும் நான் எழுந்து நின்றேன். வேறு யாரும் எழவில்லை. உட்காரலாமா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். மேடம் என்னைப் பார்த்து, "ஏதாவது வேண்டுமா?" என்று கேட்டார். பாதி வகுப்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒரு பையன் நடுவில் எழுந்து வெளியே போய் காப்பி வாங்கிவந்தான். மேடம் மேஜை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "என்னை ஹெலன் என்றே கூப்பிடுங்கள்" என்றார். என் நாக்கு அதற்கு உடன்படவில்லை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் எங்கோ யாரோ மண்டையில் குட்டுவார்கள் என்று இன்றைக்கும் ஒரு பயம்.

எல்லாவற்றையும்விட எனக்குக் குலை நடுங்கியது ஒரு கேள்விக்குத்தான். ஏதாவது ஒரு பாடத்தை நடத்திவிட்டு, "கலை, நீ என்ன நினைக்கிறாய்?" என்பார் ஹெலன். நான் என்ன நினைப்பது? புத்தகத்தில் எழுதியவர் நினைத்திருக்கிறாரே, போதாதா? நான் சிரித்துவைப்பேன். பயத்தில் சிரிப்பது எப்படி என்று கற்றுக்கொண்டதுதான் முதல் பருவத்தில் நான் கற்றது.

3

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்பதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். பாடப்புத்தகத்தில் அதற்கென்றே ஓர் அத்தியாயம் இருந்தது. எனக்கு உயிர் வந்தது. பேசத்தான் வராது, எழுத வராதா? படித்தேன். நம்ம ஊரில் படிப்பு என்றால் என்னவோ அப்படிப் படித்தேன். ட்ராமில், சமையலறையில், துணி மடிக்கும்போது, வரி வரியாக. வெள்ளாற்றங்கரையில் நடந்துகொண்டு தனிம வரிசை அட்டவணையை மனப்பாடம் செய்தவளுக்கு இது ஒரு பெரிய காரியமா?

எனக்குப் பாடம் சொன்ன அத்தனை பேரும் ஒரே மந்திரம்தான் சொன்னார்கள். "சொந்தச் சரக்கு எழுதாத. புக்குல இருக்கிறத எழுது." சொந்தமாக ஒரு வரி சேர்த்தால் சிவப்பு மையில் கோடு விழும், பக்கத்தில் அரை மதிப்பெண் குறையும். வரி மாறாமல் எழுதினால் முழு மதிப்பெண். நானும் அப்படி எழுதித்தான் பேர் வாங்கினேன், அப்படித்தான் சொல்லியும் கொடுத்தேன்.

அத்தியாயம் முழுக்க மண்டையில் ஏறியதும் புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்துவிட்டு உட்கார்ந்து எழுதினேன். ஓர் இடத்தில்கூடத் திறந்து பார்க்கவில்லை. பார்த்து எழுதினால்தானே காப்பி? நான் பிட் என்பதைக் கையால் தொட்டதில்லை. பரீட்சை ஹாலில் முன்னால் இருப்பவள் பேப்பரைக் காட்டினால்கூடத் தலையைக் குனிந்துகொள்வேன். கட்டுரையை அனுப்பிவிட்டு அன்றைக்குச் சந்தோஷத்தில் கேசரி கிண்டினேன்.

சில நாள் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. கல்வி நேர்மை தொடர்பாகக் குழுவின் முன் வரவேண்டும் என்று இருந்தது. கேட்டால் சிரிப்பீர்கள், முதலில் பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். நேர்மை நல்ல வார்த்தைதானே? பிறகு இணைப்பைத் திறந்தேன். என் கட்டுரையைக் கணினியில் எதனோடோ ஒப்பிட்டுப் பார்த்து, புத்தகத்தில் உள்ள வரிகளுக்கெல்லாம் சிவப்பு பூசி அனுப்பியிருந்தார்கள். களத்தில் மிளகாய் காயப்போட்ட மாதிரி மேலிருந்து கீழ்வரை சிவப்பு. சிவப்பு படாமல் இருந்தது என் பேர் மட்டும்தான்.

அதற்குக் கீழே இருந்ததை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். குற்றம் நிரூபணமானால் படிப்பிலிருந்து நீக்கப்படலாம். அந்த ஒரு வரியையும் நான் மனப்பாடம் செய்துவிட்டேன், வேண்டாம் என்றாலும் மண்டை கேட்கவில்லை.

4

வீட்டில் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? கடலூரில் நிரந்தர வேலையை விட்டுவிட்டு, இங்கே ஒரு கிடங்கில் பெட்டி தூக்குகிற மனிதரிடம், நான் காப்பி அடித்ததாகச் சொல்கிறார்கள் என்று எந்த வாயால் சொல்வது? தபால்காரர் கதவைத் தட்டினால் போலீஸ் என்று தோன்றியது. தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால்கூட எனக்காகத்தான் வருகிறது என்று தோன்றியது. சாம்பாரில் இரண்டு முறை உப்புப் போட்டேன், மறுநாள் போடவே மறந்தேன்.

"என்னா ஆச்சு கலை? ஒரு வாரமா நீ நீயாவே இல்லியே" என்றார் பாஸ்கர்.

போனில் அந்த மின்னஞ்சலைத் திறந்து அவர் கையில் கொடுத்துவிட்டு நான் குளியலறையில் போய் நின்றுகொண்டேன். அவர் கதவுக்கு வெளியே வந்து நின்றார்.

"பாத்து எழுதினியா?"

"புக்க மூடி வச்சிட்டுத்தாங்க எழுதினேன்."

"அப்ப எப்புடி அதே வரி வரும்?"

"மனப்பாடம்ங்க."

"முழுசாவா?"

"முழுசா."

திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தேவலை. யாருக்கோ சொல்வது போல மெதுவாகச் சொன்னார். "பாப்பாவுக்குத் தமிழ் எழுதவே வராதே. திரும்பிப் போனா எந்த ஸ்கூல்ல சேக்கிறது?"

எனக்கு அது வரைக்கும் அது உறைக்கவே இல்லை. ஐந்து வயதில் வந்தவள். அ, ஆ எழுதிக்கொண்டிருந்தவள் அதோடு நிறுத்திவிட்டாள். இப்போது தமிழ் காதில் விழும், வாயில் வராது. வெளியே யாழினி அப்பாவிடம் இங்கிலீஷில் கேட்பது காதில் விழுந்தது. "டாட், நாம உங்க ஊருக்குப் போறோமா? ஹாலிடேக்கா?"

உங்க ஊர். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். நான் மூடிய கம்மோடின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

என் தம்பி குமரேசனுக்கு அண்ணாமலை நகரில் செராக்ஸ் கடை. ஹாஸ்டல் பிள்ளைகள்தான் அவனுக்குப் படியளக்கிறவர்கள். படிப்பு அவனுக்கு ஏறவில்லை, அதைப் பற்றி அவன் கவலைப்பட்டதும் இல்லை. அவனிடம் போனில் சொல்லி அழுதேன்.

"என்னாக்கா இது அநியாயமா இருக்கு? எக்ஸாம் வந்தா பிட்டுக்குப் பொடிசா மைக்ரோ செராக்ஸ் கேட்டு நம்ம கடையில எத்தினி பேரு நிப்பாங்க தெரியுமா? அவுங்கல்லாம் பாஸ் பண்ணி ஜம்முனு வேலையில இருக்காங்க. பிட்டே தொடாத நீ போயி மாட்டிக்கிட்டியே!"

"டேய், நான் அழுதுக்கிட்டு இருக்கேன்."

"சரி சரி. மாமா என்னா சொல்றாரு?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாரு."

"அதான் பயமா இருக்கு" என்றான் குமரேசன். தைரியம் சொல்வான் என்றுதான் அவனைக் கூப்பிட்டேன்.

5

விசாரணை அறை மேல்மாடியில் இருந்தது. சுற்றிலும் கண்ணாடி. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நரைத்த தலையோடு குழுத் தலைவர், ஒரு பக்கம் ஹெலன், இன்னொரு பக்கம் குறிப்பெடுக்க ஒரு பெண். மேஜை நடுவில் ஒரு டிஷ்யூ பெட்டி இருந்தது. நான் அழுவதற்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துவைத்திருக்கிறார்கள் என்றால் முடிவும் செய்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

மூவரும் சிரித்து வரவேற்றார்கள். தண்ணீர் வேண்டுமா என்றார்கள். உட்கார வசதியாக இருக்கிறதா என்றார்கள். நம்ம ஊரில் ஹெட்மாஸ்டர் கூப்பிட்டால் முதலில் கத்துவார், பேப்பரைத் தூக்கி எறிவார், அப்பனைக் கூட்டிவா என்பார். கத்தி முடித்தார் என்றால் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். இங்கே யாரும் கத்தவில்லை. அந்த மரியாதை எனக்குப் பயத்தைக் கூட்டியது.

"இந்தக் கட்டுரையை எப்படி எழுதினீர்கள்?" என்று கேட்டார் தலைவர்.

பை-ஹார்ட் பண்ணினேன் என்று நம்ம ஊர் இங்கிலீஷில் சொன்னேன். மூவரும் விழித்தார்கள். மனப்பாடம் செய்து, புத்தகத்தை மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதினேன் என்று விளக்கினேன்.

"முழு அத்தியாயத்தையுமா?"

அவர் குரலில் நம்பிக்கை இல்லை. எனக்கு எங்கிருந்தோ ரோஷம் வந்தது. பயந்தவளுக்கு ரோஷம் வந்தால் விபரீதம். எழுந்து நின்றேன். கையைக் கட்டிக்கொண்டேன். எங்கிருந்து வேண்டும் என்று கேட்டேன். அவர் புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கத்தைச் சொன்னார். நான் ஆரம்பித்தேன்.

கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தேன். கமா வந்த இடத்தில் மூச்சு விட்டேன். முற்றுப்புள்ளி வந்த இடத்தில் நிறுத்தினேன். தலைவர் விரலை வரி மேல் வைத்துத் தொடர்ந்துகொண்டே வந்தது ஓரக்கண்ணில் தெரிந்தது. ஒரு பத்தி முடிந்தது, அடுத்த பத்தி முடிந்தது, பக்கம் புரண்டது. குறிப்பெடுக்கிற பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். கடைசியில் தலைவர் கையைத் தூக்கி, போதும் என்றார். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

அப்போது ஹெலன் பேசினார். அவர் முகத்தில் மடக்குகிற எண்ணம் எதுவும் இல்லை. "கலை, இரண்டாவது வாக்கியம். அதற்கு என்ன அர்த்தம்? எனக்குச் சொல்லேன்."

வாயைத் திறந்தேன். மூன்றாவது வாக்கியம் வந்தது.

மூடிக்கொண்டேன். மறுபடி முயன்றேன். மறுபடியும் மூன்றாவது வாக்கியமே வந்தது. அதற்கும் இதற்கும் நடுவில் நுழைய எனக்கு இடமே இருக்கவில்லை. அந்த வாக்கியம் எனக்குப் புரியவில்லை என்பதே அந்த நிமிஷம்வரை எனக்குத் தெரியாது. விசா பயம், திரும்பிப் போகிற பயம், பாஸ்கர் பயம் எல்லாம் சேர்ந்தாலும் அந்தப் பயத்துக்கு ஈடாகாது. இருட்டில் மாடிப்படி இன்னும் இருக்கிறது என்று காலை வைத்து, இல்லாமல் போனால் ஒரு திடுக்கிடல் வருமே, அது. டிஷ்யூ பெட்டியை ஹெலன் என் பக்கம் தள்ளினார்.

6

ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை, அதனால் ஒரு வாய்ப்பு தருகிறோம் என்று முடிவு வந்தது. கட்டுரையைத் திரும்ப எழுத வேண்டும், என் சொந்த வார்த்தைகளில். எவ்வளவு நன்றாக எழுதினாலும் வெறும் தேர்ச்சி மதிப்பெண்தான். மறுபடி சிவப்பு வந்தால் படிப்பு ரத்து.

பாஸ்கர், "அவ்ளோதான, எழுதிடு" என்றார். அவருக்கென்ன தெரியும்? உட்கார்ந்து முதல் வரி எழுதினேன், அது புத்தகத்தின் முதல் வரி. அடித்துவிட்டு வேறு எழுதினேன், அது பத்தொன்பதாம் பக்கத்து வரி. என்ன எழுதினாலும் ஏதோ ஒரு பக்கத்திலிருந்து வந்து நின்றது. வார்த்தைக்கு வார்த்தை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். பாஸ்கர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "வேஷம்தான் மாறியிருக்கு, ஆளு அதே ஆளு" என்றார்.

பள்ளிக்கூடக் காலத்தில் பரீட்சைக்கு முன்னால் எங்களை வேனில் ஏற்றித் திருவந்திபுரத்துக்குக் கூட்டிப்போவார்கள். மலைமேல் ஹயக்ரீவர் சந்நிதியில் பேனாவை வைத்து எடுத்துக்கொண்டு, படித்தது மறக்கக் கூடாது சாமி என்று வேண்டிக்கொள்வோம். எனக்கு அவர் ஒருநாளும் குறை வைத்ததில்லை. இப்போது மெல்போர்னில் அடுப்படியில் நின்றுகொண்டு அதே சாமியிடம், இந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் மறக்கடித்துவிடு என்று கும்பிட்டேன். இப்படி ஒரு வேண்டுதலை அவர் கேட்டிருக்க மாட்டார். மறக்கவும் இல்லை.

கெடு நெருங்கியது. யாழினியின் பழைய தமிழ்ப் பாடப்புத்தகத்தைத் தேடி எடுத்துவைத்தேன், எதற்கும் இருக்கட்டும் என்று. அவள் அதைப் புரட்டிவிட்டுப் படம் மட்டும் பார்த்தாள். அந்தச் சாயங்காலம் குமரேசன் கூப்பிட்டான். அங்கே மத்தியானம், கடையில் மெஷின் ஓடுகிற சத்தம்.

"எழுதிட்டியாக்கா?"

"எழுத வரலடா. எது எழுதினாலும் புக்கு வரியே வருது. மேடம் கேட்டாங்களே, அந்த ரெண்டாவது வரி, அதுக்கு இன்னும் அர்த்தம் தெரியல."

"அப்புடி என்னாதான் போட்டுருக்கு அதுல? எனக்குச் சொல்லு."

நான் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். "இரு இரு, தமிழ்ல சொல்லுக்கா. ஒரு மண்ணும் புரியல." நடுவில் யாரிடமோ, "ரெண்டு பக்கமும் எடுக்கணுமா தம்பி? ஸ்பைரல் போடவா?" என்றான்.

தமிழில் சொல்லத் தொடங்கினேன், உடனே திணறினேன். தமிழில் ஒரு வரியும் தயாராக வந்து நிற்கவில்லை. தமிழில் அந்தப் புத்தகம் எனக்கு மனப்பாடம் இல்லையே! தட்டுத் தடுமாறி, பாதியில் நிறுத்தி, இல்லடா அப்படியில்ல என்று திருப்பி, வியர்த்துப்போனேன்.

"அதாவது குமரேசு, புதுசா ஒண்ணு கத்துக்கிறவங்களுக்கு மொதல்ல ஒருத்தரு கூட இருக்கணும். அப்புறம் அவுங்க கொஞ்சம் கொஞ்சமா வெலகிக்கணும்."

"புரியல."

"மாமா என்னை காலேஜுக்குக் கொண்டாந்து உட்டாருல்ல? மொத நாளு கதவு வரைக்கும் வந்தாரு. அடுத்த நாளு ஸ்டாப்போட நின்னுட்டாரு. அதுக்கப்புறம் எறங்கவே இல்ல."

"கடைசியில வரவே இல்ல. நீயே போயிட்ட."

"ஆமா."

"இதான் அந்த ரெண்டாவது வரியா?"

அதேதான் அந்த இரண்டாவது வரி.

"இத எழுதவா அந்த புக்குக்காரருக்கு அவ்ளோ இங்கிலீஷ் வேணும்?" என்றான் குமரேசன். "மாமாவயே புக்கு எழுதச் சொல்லு."

சிரித்தேன். எத்தனையோ நாளுக்கப்புறம் பயமில்லாத சிரிப்பு. அதிலிருந்து தினமும் சாயங்காலம் அவனுக்குப் பாடம் நடத்தினேன். அவன் கடையைப் பார்த்துக்கொண்டே, புரியல, புரியல என்றான். சில இடங்களில், "அது தப்பு, அப்புடி நடக்காது" என்று சண்டை போட்டான். பேசியதைப் போனில் பதிவு செய்து, கேட்டுக் கேட்டு, எனக்குத் தெரிந்த நொண்டி இங்கிலீஷில் எழுதினேன். ஒவ்வொரு வாக்கியமும் முடிந்ததும் இது என்னுடையதுதானா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். தம்பி சொன்னதை எழுதினால் அதுவும் காப்பியா என்று ஹெலனுக்கு மின்னஞ்சல்கூட அனுப்பினேன். உன் தம்பியின் பேரைப் போட்டுவிடு என்று பதில் வந்தது. அண்ணாமலை நகர் செராக்ஸ் கடை குமரேசன், மெல்போர்ன் கட்டுரை ஒன்றில் அடிக்குறிப்பாக இருக்கிறான். அதை அவன் பிரிண்ட் எடுத்துக் கடையில் ஒட்டியிருக்கிறானாம்.

அனுப்பும் பொத்தானை அழுத்த எனக்குத் தைரியம் வரவில்லை. பாஸ்கர் பக்கத்தில் வந்து நின்றார். அழுத்தினேன்.

7

தேர்ச்சி என்று வந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக ஜஸ்ட் பாஸ். பாஸ்கர் என்னைத் தூக்கிச் சுற்றப் பார்த்தார், வயது இடம் தரவில்லை. யாழினிக்கு எதற்கு இந்தக் கூத்து என்று தெரியாமலே அவளும் குதித்தாள். திருத்திய கட்டுரையைத் திறந்தேன். சிவப்பு ஏறக்குறைய இல்லை. ஓர் இடத்தில் மட்டும் ஒரு வாக்கியத்தின் கீழ் கோடு போட்டு, ஓரத்தில் ஹெலன் எழுதியிருந்தார். "இது யார் சொன்னது? மூலத்தைக் குறிப்பிடவும்."

எனக்கு உயிர் போய்விட்டது. கோடு போட்ட வாக்கியம் இதுதான்: பயந்த பிள்ளை பதிலைக் கற்றுக்கொள்ளும், பாடத்தைக் கற்றுக்கொள்ளாது.

மறுபடி மாட்டிக்கொண்டேன். எங்கேயோ படித்ததை என் மண்டை எனக்குத் தெரியாமலே கொண்டுவந்து போட்டிருக்கிறது. தேர்ச்சி என்று சொல்லிவிட்டு, இதைக் கண்டுபிடித்ததும் பிடுங்கிக்கொள்வார்கள். பாடப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து தேடினேன். இல்லை. நூலகத்துக்குப் போய், அந்த அலமாரியில் இருந்த மற்ற புத்தகங்களையும் புரட்டினேன். இல்லை. இணையத்தில் வார்த்தைகளை மாற்றி மாற்றிப் போட்டுத் தேடினேன். போனில் இருந்த பதிவுகளை ஒன்று விடாமல் கேட்டேன். குமரேசனிடம் கேட்டேன், "இது நீ சொன்னியாடா?"

"நான் எங்கக்கா இப்புடில்லாம் பேசப்போறேன்?" என்றான்.

பாஸ்கர், "மேடத்துக்கிட்டயே போயிக் கேட்டுடேன்" என்றார். கூட வரவா என்று அவர் கேட்கவில்லை.

தனியாகப் போனேன். ஹெலனின் அறைக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே போகாமல் வாசலில் நின்றேன். அவர் கணினியிலிருந்து திரும்பினார்.

"வா கலை. அந்த வரி என்னை விடவே இல்லை. யாருடையது என்று கண்டுபிடித்தாயா?"

"எல்லா இடத்திலும் தேடிவிட்டேன்" என்றேன். "எதிலும் இல்லை."

அவர் காத்திருந்தார். பொய் சொல்கிறேன் என்று நினைத்துவிடுவாரோ என்று அப்போதும் பயம். அவர் உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை. கையைக் கட்டிக்கொள்ளவும் இல்லை.

"நான்தான் மேடம்" என்றேன். "நான் சொன்னது."